அலை உடையாத இடம்

கடல் கொந்தளிக்கும் நாளில் கரையிலிருந்து தூண்டில் போடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ‘இன்றைக்கு ஆகாது’ என்று திரும்பிவிடுகிறார்கள். இல்லையென்றால் வெள்ளை நுரையைத் தாண்டி, கை வலு உள்ளமட்டும் தூரமாக இரையை வீசிவிட்டுக் காத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: சீறும் கடல் எங்கும் ஒரேபோலச் சீறுகிறது, அதில் இடம் பார்த்து ஆவது ஒன்றுமில்லை. கடலின் இயற்பியலும் மீனின் உடலியலும் இந்த எண்ணத்துக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன. அலை உயர உயரக் கடலடியின் மேடுபள்ளம் நீர்ப்பரப்பில் கூடுதலாகத் தெரியத் தொடங்குகிறது. அமைதியான நாளில் பார்வைக்கே வராத மணல்திட்டும் அதற்கு நடுவே உள்ள வாயும் கொந்தளிப்பில்தான் வெளிப்படுகின்றன. மீன் நிற்பதும் அந்த மேடுபள்ளத்தை ஒட்டித்தான். ஆகவே அலை மிகுந்த நாளில் கண் தேட வேண்டியது அலை உடையும் நீரும் உடையாத நீரும் சந்திக்கிற விளிம்பை. சென்னை முதல் நாகப்பட்டினம் வரை நீளும் நேரான சோழமண்டலக் கரையிலும், பாறை முனைகள் துருத்தி நிற்கும் குமரிக் கரையிலும் இந்த விளிம்பு வேறுவேறு உருவில் கிடைக்கிறது, விதி ஒன்றுதான்.

அந்த விதி எளியது. கரையை நெருங்கும் அலை, தன் உயரம் நீரின் ஆழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆனதும் தாங்க முடியாமல் உடைகிறது. ஆய்வாளர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் எண் 0.78, கடலடியின் சரிவைப் பொறுத்து இது கொஞ்சம் கூடும், குறையும். அரை மீட்டர் அலை சுமார் 65 சென்டிமீட்டர் ஆழத்தில்தான் உடையும். அதாவது முழங்காலைத் தாண்டிய நீரில், கரையோரத்தில். 60 மீட்டர் தள்ளி இரண்டு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் மணல்திட்டைப் பற்றி அந்தச் சிறு அலைக்கு எதுவும் தெரியாது. அதன் தலைக்கு மேலே சலனமில்லாமல் கடந்து வந்துவிடும். அதே இடத்துக்கு ஒன்றரை மீட்டர் அலை வந்தால் கதை மாறுகிறது. திட்டின் மேல் அது உடைந்து வெளுக்கிறது. திட்டுக்கு உட்புறப் பள்ளத்தில் ஆழம் கூடுவதால் உடைவது நின்று மறுபடி அலையாகிறது. பிறகு கரையோரத்தில் இரண்டாம் முறை உடைகிறது. இந்த வெள்ளை, கருமை, வெள்ளை என்ற வரிசையே கடலடியின் குறுக்குவெட்டு. உடையும் அலையின் உயரத்தைக் கண்ணால் மதிப்பிடத் தெரிந்தவருக்குத் திட்டின் மேலுள்ள ஆழமும் தெரிந்துவிடும்: அலையின் உயரத்தோடு அதன் கால்பங்கைச் சேர்த்தால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும்.

இது ஊகம் மட்டுமா என்று கேட்பது நியாயம். 1980-களில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராப் ஹோல்மன், வட கரோலினாவின் டக் கடற்கரையை உயரத்திலிருந்து கேமராவால் தொடர்ந்து படமெடுக்கத் தொடங்கினார். ஒரு படத்தை மட்டும் பார்த்தால் நுரை கண்டபடி சிதறியிருக்கும். பத்து நிமிடப் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுத்தபோது நுரையின் குழப்பம் கரைந்து, வழவழப்பான வெள்ளைப் பட்டைகள் மிஞ்சின. நேரடியாக ஆழம் அளந்து பார்த்ததில் அந்தப் பட்டைகள் மணல்திட்டுகளின் மேல் பொருந்தின. ஆர்கஸ் என்ற பெயரில் பிறகு பல நாடுகளின் கடற்கரைகளுக்குப் பரவிய இந்த முறையில் தூண்டில்காரருக்கும் ஒரு பாடம் உண்டு. ஓர் அலை எதையும் சொல்லாது; நூறு அலைகளின் கூட்டு எல்லாவற்றையும் சொல்லும். மேட்டில் நின்று, பத்துப் பதினைந்து நிமிடம் இரையைத் தொடாமல், எந்த இடம் திரும்பத் திரும்ப வெளுக்கிறது, எந்த இடம் திரும்பத் திரும்பக் கருப்பாகவே இருக்கிறது என்று பார்ப்பதே அந்தக் கேமரா செய்த வேலை. முகில் நிழலும் கருமையாகத் தோன்றும், ஆனால் நகர்ந்துவிடும். பாறையும் பாசியும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் பாறை மேடாக இருந்தால் அதன் மேல் அலை உடைந்தே தீரும். நகராத, உடையாத கருமைதான் ஆழம்.

இன்னொரு தடயம் அலையின் வேகம். ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகத்தை ஆழம்தான் தீர்மானிக்கிறது: ஒரு மீட்டர் நீரில் விநாடிக்குச் சுமார் 3 மீட்டர், நான்கு மீட்டர் நீரில் 6 மீட்டருக்கு மேல். இரண்டாம் உலகப் போரில் எதிரியின் கையில் இருந்த கடற்கரைகளுக்கு ஆள் அனுப்பி ஆழம் பார்க்க முடியாத நிலையில், விமானத்திலிருந்து அடுத்தடுத்து எடுத்த படங்களில் அலை நகர்ந்த தூரத்தை அளந்தே ஆழத்தைக் கணக்கிட்டார்கள். கரையில் நிற்பவருக்கு விநாடிக் கணக்கு தேவையில்லை. நேராக வரும் ஓர் அலை முகட்டில் ஒரு பகுதி மட்டும் முந்திக்கொண்டு கரைப்பக்கம் வளைந்து வந்தால், அதன் கீழே பள்ளம் இருக்கிறது. முந்தும் அந்தப் பகுதி தன் ஆற்றலை இருபுறத்து மேடுகளுக்கும் சாய்த்துவிடுவதால் உயரமும் குறைகிறது. பள்ளத்தின் மேல் அலை உடையாமல் இருப்பதற்கு ஆழத்தோடு இதுவும் ஒரு காரணம்.

மணல்திட்டு கரைக்கு இணையாக ஒரே நீட்டாக ஓடுவது அபூர்வம். இடையிடையே அறுந்திருக்கும். அந்த அறுபட்ட வாய்களைப் புரிந்துகொள்ளாமல் அலை மீன்பிடிப்பைப் புரிந்துகொள்ள முடியாது. திட்டின் மேல் உடையும் ஒவ்வோர் அலையும் நீரைக் கரைப்பக்கம் தள்ளுகிறது. தள்ளப்பட்ட நீர் உட்பள்ளத்தில் சேர்ந்து மட்டம் உயர்கிறது. அலை உடையாத வாயின் அருகே மட்டம் தாழ்வாக இருக்கிறது. ஆகவே நீர் பள்ளத்தின் வழியே பக்கவாட்டில் ஓடி, வாயை அடைந்ததும் திரும்பி, கடலை நோக்கி வெளியேறுகிறது. இதுதான் இழுப்பு நீரோட்டம். பொதுவாக விநாடிக்கு அரை மீட்டர் அளவில் ஓடும். கடும் அலையில் இரண்டு மீட்டரையும் எட்டும். எதிரே வரும் அலையோடு மோதுவதால் அதன் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். மணலைச் சுமப்பதால் நிறம் பழுப்பேறும். நுரைத் திட்டுகள் கரையை விட்டு வெளியே போய்க்கொண்டிருக்கும். சோழமண்டலக் கரையில் இதோடு கரையை ஒட்டி ஓடும் நீரோட்டமும் சேர்கிறது. சென்னைப் பக்க மீனவர்கள் வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் தெற்கிலிருந்து வருவதைத் தெண்டி என்றும் பிரித்துச் சொல்வார்கள். வடகிழக்குப் பருவக்காற்றில் வன்னி ஓடும்போது பள்ளத்து நீர் வாயின் வடக்கு மூலைக்கு அதிகமாக வந்து சேரும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்கு மூலைக்கு. நீர் வந்து சேரும் மூலைக்குத்தான் இரையும் வந்து சேர்கிறது.

இழுப்பு எல்லாவற்றையும் ஆழ்கடலுக்குக் கொண்டுபோய்விடும் என்றால், அந்த மூலையில் மீன் ஏன் நிற்க வேண்டும் என்ற கேள்வி எழும். நெடுங்காலம் பாடநூல்களும் அப்படித்தான் வரைந்து காட்டின. கலிபோர்னியா, பிரான்ஸ், இங்கிலாந்து கடற்கரைகளில் ஜி.பி.எஸ். பொருத்திய மிதவைகளை இழுப்பில் விட்டுப் பின்தொடர்ந்த ஆய்வு 2010-ல் வெளியானபோது படம் மாறியது. பெரும்பாலான மிதவைகள் வெளியே போகவில்லை. வாயின் வழியே கொஞ்ச தூரம் போய், பக்கத்துத் திட்டின் மேல் திரும்பி, உடையும் அலையோடு மறுபடி உட்பள்ளத்துக்கே வந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை வட்டமடித்தன. கிளறப்பட்ட புழு, உடைந்த மட்டி, பாசித் துணுக்கு, இறால் குஞ்சு எல்லாம் இதே வட்டத்தில்தான் சுற்றும். உட்பள்ளமும் அதன் வாயும் கடல் தன் இரையைச் சுற்றிச்சுற்றிப் பரிமாறும் இடம்.

இனி மீனின் பக்கம். அலை அடிக்கும் நீரில் ஆக்சிஜன் கூடும், அதனால் மீன் வரும் என்று பலரும் சொல்வதுண்டு. திறந்த கடற்கரையின் மேல்நீர் சாதாரண நாளிலும் காற்றோடு கலந்து ஏறக்குறைய நிறைவாகவே ஆக்சிஜன் கொண்டிருக்கும். நுரை அதில் பெரிதாக எதையும் கூட்டுவதில்லை. உண்மையான காரணம் செலவும் வரவும். நீரை எதிர்த்து நிற்க மீனுக்கு ஆகும் ஆற்றல், நீரின் வேகத்தின் முப்படி விகிதத்தில் ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் செலவு எட்டு மடங்கு. இரண்டு மீட்டர் ஆழத் திட்டின் மேல் ஒன்றரை மீட்டர் அலை கடக்கும்போது அடிநீர் விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்துக்கு மேல் முன்னும் பின்னும் வீசப்படும். ஒரு சாண் கிழங்கான் அந்த வேகத்தைச் சில நொடி தாங்கலாம், மணிக்கணக்கில் தாங்காது. பக்கத்துப் பள்ளத்தில், உடையாத நீரின் அடியில், வேகம் வெகுவாகக் குறைகிறது. அங்கே நின்றால் செலவு குறைவு. திட்டில் அலை கிளறிவிட்டது தானாக வந்து சேர்வதால் வரவு நிறைவு. நடுப்பள்ளத்தை விட அதன் ஓரமே மீனுக்கு மேலானது என்பதற்கும் இதே கணக்குத்தான்: இரை விழும் இடத்துக்கு ஒரு வால்வீச்சுத் தூரத்தில் நிற்க முடிகிறது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஃபால்ஸ் விரிகுடாவில் அலை குறைந்த கரையிலிருந்து அலை மிகுந்த கரை வரை வலை இழுத்து ஒப்பிட்டபோது, அலை கூடக்கூட மீன் வகையும் எண்ணிக்கையும் குறைவதைக் கண்டார்கள். அப்படியானால் கொந்தளிக்கும் கரையில் நேரத்தைச் செலவிடுவதே வீண் அல்லவா? அந்த ஆய்வின் முடிவை ஏற்றுக்கொண்டே பதில் சொல்லலாம். கரைவலையில் வருவதில் பெரும்பகுதி விரல்நீளக் குஞ்சுகள். அலை அவற்றைத்தான் முதலில் விரட்டும். தூண்டிலுக்குரிய பெரிய மீன் எங்கே என்பது வேறு கேள்வி. அதைவிட முக்கியமானது, அந்த ஒப்பீடு ஒரு கடற்கரைக்கும் மற்றொரு கடற்கரைக்கும் இடையிலானது. நம் கேள்வி ஒரே கடற்கரைக்குள் இந்த நூறு மீட்டரா, அடுத்த நூறு மீட்டரா என்பது. மீன் அலையின் ஆற்றலிலிருந்து ஒதுங்குகிறது என்று அந்த ஆய்வு காட்டுவது உண்மையென்றால், ஒதுங்க இடம் குறைந்த கரையில் இருக்கும் சில ஒதுக்கிடங்களில் அது நெருங்கி நிற்க வேண்டும். அமைதியான நாளில் மீன் கரை முழுக்கப் பரவியிருக்கும், எங்கே வீசினாலும் ஒன்றுதான். அலை மிகும்போது மொத்த மீன் குறையலாம். ஆனால் இருப்பது எங்கே என்று சொல்வது எளிதாகிறது. தூண்டில்காரருக்குப் பயன்படுவது இரண்டாவது.

எந்த மீன் என்பதும் மாறுகிறது. கலங்கல் நீரில் கண்ணை நம்பி வேட்டையாடும் மீன் பின்வாங்குகிறது. மோந்தும் தொட்டும் இரை தேடுவது முன்னேறுகிறது. காலா மீனின் முன்துடுப்புக்குக் கீழே தனித்தனி இழைகளாகத் தொங்குபவை அடிநீரைத் தடவிப் பார்க்கும் புலன்கள். கெளுத்திக்கு மீசை இருக்கிறது. திருக்கை மணலுக்குள் கிடக்கும் உயிரின் மெல்லிய மின்புலத்தையே உணரும். கத்தாளை இனங்களுக்கு உடலோரத்து உணர்வுக்கோடும் தலைக் குழிகளும் நன்கு வளர்ந்தவை. இவற்றுக்குக் கலங்கல் ஒரு தடையன்று, பாதுகாப்பு. ஆகவே கொந்தளிப்பு நாளில் மினுங்கும் செயற்கை இரையை விட, வாடை பரப்பும் வெட்டுமீனும் இறாலும் புழுவும் பலன் தருவதற்குக் காரணம் இருக்கிறது. பாரை மட்டும் இதில் விதிவிலக்கு. அது கண்ணால் வேட்டையாடும் மீன்தான். ஆனால் நுரையின் காற்றுக்குமிழிகள் ஒளியைச் சிதறடிப்பதால் நுரைக்குள் திணறும் மடவைக் குஞ்சுகளுக்கு அது வருவது தெரியாது, வெளியே தெளிந்த நீரில் நிற்கும் பாரைக்கு அவற்றின் நிழலுரு தெரியும். வெள்ளையும் கருமையும் சந்திக்கும் கோட்டில் அது உலாவுவது இதனால்தான். தொட்டு உண்பதும் பார்த்து உண்பதும் வேறுவேறு காரணத்துக்காக ஒரே விளிம்பில் வந்து சேர்கின்றன.

ஆனால் இந்த வரைபடத்துக்கு ஓர் எல்லை உண்டு, அதை மறைக்கக் கூடாது. அலை மேலும் பெருத்து, கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாமே வெள்ளையாகிவிட்டால் வரைபடம் அழிந்துவிடும். பள்ளத்திலும் உடைகிறது, வாயிலும் உடைகிறது, விளிம்பே இல்லை. அலையின் ஆற்றல் உயரத்தின் இருபடி விகிதத்தில் ஏறும். ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் ஆனாலே நான்கு மடங்கு. அப்போது திறந்த நேர்கரையை விட்டுவிட்டு, அலையின் வழியில் ஏதாவது குறுக்கே நிற்கும் இடத்துக்குப் போக வேண்டும். குமரிக் கரைக்கு இந்த வசதி இயற்கையாகவே இருக்கிறது. ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் அலை முட்டம் போன்ற பாறை முனையில் மோதி, முனையைச் சுற்றி வளைந்துதான் கீழ்ப்புறத்துக்குள் நுழைய வேண்டும். வளையும்போது ஒரே ஆற்றல் நீண்ட முகட்டில் பரவி மெலிந்துபோகிறது. குமரி முனையின் கிழக்கே சின்னமுட்டத்தில் மீன்பிடித் துறைமுகம் அமைந்ததும் இதே மறைவை நம்பித்தான். ஆனால் மறைவின் நடுவே போய் நிற்பதில் பயனில்லை. அங்கே இரையைக் கிளறும் அலையும் இல்லை. நிழலும் வெளிச்சமும் பிரிவது போல, அலை மெலியத் தொடங்கும் கோடு ஒன்று முனையிலிருந்து சாய்வாகக் கரைக்கு வரும். அந்தக் கோடு கரையைத் தொடும் இடமே மேலானது.

நேர்கரையில் இந்த மறைவை மனிதன் கல்லைக் கொட்டி உண்டாக்கியிருக்கிறான். சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த பிறகு, வடக்கு நோக்கி நகரும் மணல் அவற்றுக்குத் தெற்கே தேங்கி மெரினாவை அகலமாக்கியது. வடக்கே மணல் வராமல் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரித்தது. அரிப்பைத் தடுக்க அங்கே கடலுக்குள் நீட்டிப் போட்ட கல்சுவர்களான தூண்டில் வளைவுகள் ஒவ்வொன்றும் இப்போது ஒரு செயற்கை முனை. அலை சாய்ந்து வரும் பக்கத்தில், கரையோரமாக ஓடிவரும் நீர் கல்சுவரில் முட்டித் திரும்பி, அதை ஒட்டியே வெளியேறும். மறுபக்கத்து மறைவில் மெல்லிய சுழல் நிற்கும். சுவரின் நுனிக்குச் சற்று உள்ளே, ஓடும் நீரும் நிற்கும் நீரும் உரசுகிற வரியில் இரை தேங்கும். கரை தன் மணலை இழந்து மீனவர் குடியிருப்புகள் கடலுக்குள் போன இடத்தில் இப்படியொரு மீன்பிடி இடம் உருவாகியிருப்பதை மகிழ்ச்சியோடு எழுத முடியவில்லை. ஆனால் இயற்பியல் அதுதான்.

முகத்துவாரங்கள் தனி வகை. அடையாறு, முட்டுக்காடு, பாலாறு ஆகியவற்றின் வாய்களை ஆண்டின் பல மாதம் மணல் அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உடைத்துக்கொண்டு ஓடும். உடைத்த சில நாட்களில் வெளியேறும் நன்னீர் கடல்நீரை விட இலேசானதால் மேலே மிதந்து பரவுகிறது. அதன் ஓரத்தில் நுரையும் குப்பையும் சேர்ந்த கோடு பளிச்சென்று தெரியும். இறாலும் மடவையும் அந்த நீரோடு வெளியே வர, கொடுவா அவற்றுக்காக வாயில் காத்து நிற்கிறது. கொந்தளிப்பில் முகத்துவாரத்தின் நடுநீரோட்டத்தில் தூண்டிலின் ஈயக்குண்டு நிற்காது. பக்கத்து மணல்நாக்கின் தோளில், அலை உடைவது முடிந்து ஆற்றுநீர் தொடங்கும் இடத்தில் நிற்கும். நகரத்து ஆறுகளின் கழிவைப் பார்க்கும்போது அங்கே பிடித்ததை உண்ணலாமா என்பது வேறு கவலை. அது சிறிய கவலையும் அன்று.

எல்லாக் கரையிலும் மணல்திட்டு இருக்கும் என்று எடுத்துக்கொள்வதும் பிழை. ஆஸ்திரேலியாவின் ரைட், ஷார்ட் இருவரும் பல ஆண்டு அளவீடுகளிலிருந்து 1984-ல் வெளியிட்ட வகைப்பாடு இதைத் தெளிவாக்கியது. மணல் பருவெட்டாக இருந்து, அலை சிறிதாகவும் நிதானமாகவும் வந்தால் கரை செங்குத்தாகிவிடும், திட்டே இருக்காது, அலை காலடியில் வந்து விழும். மணல் மாவாக இருந்து அலை பெரிதாக வந்தால் கரை தட்டையாகி, பல வரிசை அலை தொலைவிலேயே உடையத் தொடங்கும். இவற்றுக்கு இடைப்பட்ட கரைகளில்தான் திட்டும் வாயும் இழுப்பும் செழிக்கின்றன. செங்குத்தான கரையில் ஆழம் காலடியிலேயே இருப்பதால் தூரம் வீசுவது வீண். அங்கே மணல் விளிம்பு பிறை பிறையாக வெட்டுண்டிருக்கும், அந்தப் பிறைகளின் குழிவில்தான் பின்வாங்கும் நீர் சேர்ந்து இரையை இறக்குகிறது. அதே ஆய்வு காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்கிறது. புயலலை திட்டை வெளியே தள்ளி நேர்கோடாக்குகிறது, வாய்கள் தூர்ந்துபோகின்றன. அலை தணியத் தொடங்கியபின் வரும் நாட்களில்தான் திட்டு வளைந்து நெளிந்து கரைப்பக்கம் நகர்ந்து, புதிய வாய்கள் வெட்டப்படுகின்றன. கொந்தளிப்பு ஏறும் நாளை விட இறங்கும் நாள் நல்லது என்ற கரைக்காரர்களின் அனுபவத்துக்கு இதில் பாதி விளக்கம் இருக்கிறது. மற்ற பாதி, கலங்கல் படிந்து இரையின் வாடையோடு கண்ணும் வேலை செய்யத் தொடங்குவது. போன வாரம் மீன் கிடைத்த இடத்துக்கே இந்த வாரமும் போவது ஏன் ஏமாற்றுகிறது என்பதும் இப்போது புரியும்: அந்த இடம் அங்கே இல்லை.

அலையின் வகையையும் பார்க்க வேண்டும். வாடைக்காற்றில் வங்கக் கடலுக்குள்ளேயே பிறந்து வரும் அலைக்கு இடைவெளி ஆறு, ஏழு விநாடி இருக்கும். அது ஏறக்குறைய 30 மீட்டர் ஆழத்தில்தான் அடியை உணரும். அதனால் கரையைச் சாய்வாகவே அடைந்து பக்கவாட்டு ஓட்டத்தைக் கிளப்பும். பங்குனி, சித்திரையில் தெளிந்த வானத்தின் கீழ் திடீரென்று வரும் கள்ளக்கடல் வேறு. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிப் புயல்களில் பிறந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, பதினைந்து விநாடிக்கும் மேற்பட்ட இடைவெளியோடு வரும் அந்த அலை நூறு மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்திலேயே அடியை உணர்ந்து வளையத் தொடங்குகிறது. முனையின் மறைவுக்குள்ளும் அது புகுந்துவிடும். கடலில் சிறிதாகத் தெரிந்தது கரையில் எழுந்து நிற்கும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இதற்கென முன்னறிவிப்பு தருகிறது. அந்த அறிவிப்பில் அலையின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு இடைவெளியைப் பார்க்காமல் விடுவது ஆபத்து. காற்றின் பக்கமும் முக்கியம்: கோடையில் சென்னைக் கரையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று ஏறியதும் சிற்றலை மூடி மேலே சொன்ன அடையாளமெல்லாம் மங்கிவிடும். விடியலில், நிலத்திலிருந்து காற்று வரும்போது, கடல் படிக்கும்படி இருக்கும்.

தூரம் வீசினால் என்ன தவறு என்ற மறுப்புக்கு இதுவரை சொன்னதிலேயே பதில் இருக்கிறது. வெளித்திட்டைத் தாண்டிய நீர் ஆழமானது, ஆனால் அது பரந்த வெளி. அங்கே மீன் ஓரிடத்தில் நிற்கக் காரணம் குறைவு. தூண்டில் நரம்பு, உடையும் அலைகள் அத்தனையையும் கடந்து கிடப்பதால் ஒவ்வோர் அலையும் அதை இழுக்கும். ஈயம் உருண்டு பக்கவாட்டில் போய்விடும். மீன் தொட்டாலும் கைக்குத் தெரியாது. கரையிலிருந்து 20, 30 மீட்டரில் உட்பள்ளம் இருக்குமானால் அங்கே வீசிய இரை நிற்கும், தொடுவது தெரியும். ஈயம் உருளாமல் இருக்கக் கம்பிக் கால்கள் உள்ளதைப் போடலாம். வாயின் மூலையில் அதற்கு நேர்மாறாக, ஈயத்தைக் குறைத்து, நீரோட்டமே இரையைப் பள்ளத்திலிருந்து வாய்க்குள் கொண்டுபோகும்படி விடுவதும் ஒரு வழி. மீன் எதிர்பார்த்து நிற்பது அப்படி மிதந்து வரும் இரையைத்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, மீனுக்கு நல்ல இடமும் மனிதனுக்குக் கெட்ட இடமும் ஒன்றே என்பதைச் சொல்லாமல் விட முடியாது. அலை உடையாத கருநீர் பார்க்க அமைதியாகத் தெரிவதால்தான் குளிக்க வருகிறவர்கள் அதில் இறங்குகிறார்கள். 2024 மே மாதம் குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவரைக் கடல் கொண்டதும் இப்படியொரு அலைக் காலத்தில்தான். தூண்டில் போடுகிறவர் நீரில் இறங்கவே தேவையில்லை. வாய்க்கு நேரே கரை உள்வாங்கிச் செங்குத்தாக வெட்டுண்டிருக்கும், காலடி மணல் சரியும். அதன் இருபுறமும் கரை கடலுக்குள் மூக்காக நீண்டிருக்கும். மூக்கின் உலர்ந்த மேட்டில் நின்று பக்கவாட்டில் வாயின் மூலைக்கு வீச வேண்டும். தூண்டில் வளைவின் கல் மேல் நிற்பதானால் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்து அதற்கு மேலே நிற்க வேண்டும். அலைகள் கூட்டம் கூட்டமாக வருவதால், பெரிய கூட்டத்துக்கும் அடுத்த பெரிய கூட்டத்துக்கும் இடையே பல நிமிடம் கடல் சாதுவாகத் தோன்றும். வால்டர் மங்க் 1949-லேயே இந்தத் துடிப்பை அளந்து எழுதினார். ஐந்து நிமிடம் பார்த்து முடிவெடுப்பவர் அந்த இடைவெளியை மட்டுமே பார்த்திருக்கக் கூடும். இருபது நிமிடம் பார்த்தவருக்குப் பெரிய கூட்டம் எங்கே உடைகிறது, எதுவரை ஏறுகிறது, எந்தப் பக்கம் வடிகிறது என்ற மூன்றும் தெரிந்திருக்கும். தூண்டிலை எங்கே போடுவது, காலை எங்கே ஊன்றுவது என்பவற்றை அந்த மூன்றையும் வைத்தே முடிவு செய்யலாம்.